மரியநேசனின் மூக்கு

…நுரைதான், குமிழி என்றால் ஒன்று உடைய இன்னொன்று வரவேண்டும், இது வந்த இடத்திலேயே குந்திக்கொண்டிருக்கிறது, ஆகவே நுரைதான் என்று மரியநேசன் மூன்றாவது தடவையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்ன வாய் மூடவில்லை, ரெகுலேற்றரின் கழுத்தடியில் பூசிய சவர்க்காரத் தண்ணீரில் ஏதோ ஒன்று மெல்லப் பருத்தது போலிருந்தது… பருத்ததா, அல்லது படகு ஆடியதில் வெயில் விழுந்த இடம் மாறியதா? மூக்குக்கண்ணாடியை வீட்டு யன்னலில் விட்டுவிட்டு வந்தவருக்கு அது எப்படித் தெரியும். படகின் பின்பக்கத்தில், காஸ் சிலிண்டர் நிற்கும் பெட்டியின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஐம்பத்தொன்பது வயது முழங்கால்கள் இரண்டையும் பலகையில் ஊன்றி, காஸ் கசிந்தால் குமிழி கட்டும் என்று, யோகட் கோப்பையில் கரைத்த சவர்க்காரத்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தார். காலையில் புதுச் சிலிண்டரை மாட்டியபோதும் இதே வேலைதான், அப்போதும் இதே சந்தேகம்தான், நுரை என்று தீர்மானித்து அடுப்பைப் பற்றவைத்து மீன்குழம்பும் வைத்து இறக்கியாயிற்று, பிறகு ஏன் மனம் கிடந்து அரிக்கிறது, ஏன் பகல் மூன்று மணிக்கு மறுபடியும் இங்கே வந்து குனிந்திருக்கிறார்? அளம்பில் கரை முன்னூறு மீற்றர் தூரத்தில் வெயிலில் வெளுத்துக் கிடந்தது, காற்று விழுந்துவிட்டது, கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது, படகில் அவரைத் தவிர ஒரு காகம்கூட இல்லை. இருந்தும் அவர் சிலிண்டரின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய், இரண்டு மூச்சு நன்றாக இழுத்து, திருப்தியோடு தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் யோசித்தார், யாருக்குக் காட்ட இந்தக் கூத்து? ஒரு சனமில்லாத கடலிலும் நடிக்கும் அளவுக்கு வந்துவிட்டதா? மூன்று வருடமாக அவருக்கு எந்த மணமும் தெரியாது.

மரியநேசனுக்கு மணம் தெரியாது என்று அளம்பிலில் போய்ச் சொன்னால் சொன்னவனைத்தான் பைத்தியம் என்பார்கள். மூக்கர் என்றுதானே ஊரில் பெயர், பங்குத்தந்தைகூட ஒருமுறை மறந்துபோய் ஞானஸ்நான வீட்டில் மூக்கர் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்தவர். கரைவலை வளைக்கிற நாட்களில் வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி முதலில் கேட்பது அவரைத்தான். விடியற்புறம் கரையில் நின்று, காற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி… வந்துவிடும் அது, ஒரு மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு மணம், சூடைமீன் கூட்டம் மேலே மிதந்து வருகிறபோது தண்ணீரிலிருந்து எழும்புகிற மணம், வேறு யாருக்கும் தெரியாது, அவருக்கு நெற்றிக்கு நடுவே வந்து தட்டும். தெற்கே, பாலை மரத்துக்கு நேரே என்பார், வலையை விடுவார்கள், பிறகு அன்று முழுவதும் கரையில் அவர் நடக்கிற நடையே வேறு. அவருடைய கல்யாணப் பேச்சில், பெண் வீட்டார் பயந்த ஒரே விசயம் மாப்பிள்ளையின் மூக்காம், எங்கள் பிள்ளை அடிப்பிடித்த சோறு வைத்தால் கடலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாரே என்று. யூலிற்றா ஒருநாளும் அடிப்பிடிக்க விட்டதில்லை. அவள் குசினியில் கடுகு தாளித்தால் படலையடியில் வரும்போதே என்ன கறி என்று சொல்லுவார், சொல்லாமல் வந்தால் அவளுக்குக் கோபம் வரும்… எவ்வளவு சின்னச் சந்தோசங்கள், எத்தனை வருடம் அவற்றைக் கணக்கில் எடுக்காமலே வாழ்ந்திருக்கிறார்.

போனது ஒரு காய்ச்சலோடு. ஊரெல்லாம் முகமூடி கட்டித் திரிந்த காலம், வீட்டில் இரண்டு பேருமே படுத்துவிட்டார்கள், இரண்டு பேருக்குமே மணம் போய்விட்டது. யூலிற்றாவுக்குப் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தது, மிளகாய் வறுத்த சட்டிக்கு முன்னால் நின்று தும்மித் தும்மி அழுதாள், உங்களுக்கு என்று கேட்டாள், எனக்கு எப்பவோ வந்திட்டுது என்றார். ஏன் அப்படிச் சொன்னார்? இரண்டொரு கிழமையில் வந்துவிடும், வந்த பிறகு பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்ற நம்பிக்கை. வரவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். ஒரு பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது, யாராவது மணம் பற்றிக் கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடாது, முதலில் முகத்தைச் சுளிக்கவேண்டும், நீ சொல்லு பாப்பம் என்று கேட்டவனிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். மீனைச் செவுளைப் பார்த்துத்தான் இப்போது வாங்குகிறார், ஊர் அதை வயதுக்கு வந்த நிதானம் என்று நினைக்கிறது.

பிறகு றொமேஸ் வந்தான். யூலிற்றாவின் அண்ணன் மகன், பிரான்சில் பதினாறு வருடம் இருந்துவிட்டு மனைவி நிரோசினியோடு ஊருக்கே திரும்பி வந்தவன், திருகோணமலையில் ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவரிடம் இந்தப் பாய்ப்படகை வாங்கிக்கொண்டு வந்து நின்றான், வெளிநாட்டிலிருந்து வருகிற நம்முடைய சனத்தைக் கடலில் ஏற்றி இறக்கப்போகிறேன், சமையலுக்கும் பாய்க்கும் நீங்கள் வாங்கோ மாமா என்றான். வாங்கிய அன்று அந்தக் கிழவர் வேறொன்றையும் பற்றிப் பேசவில்லை, பாயைப் பற்றி ஐந்து நிமிடம், காஸைப் பற்றி ஒரு மணித்தியாலம், றொமேஸ் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னான். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவேண்டும், கட்டப்பட்டிருக்கவேண்டும், சமைத்து முடிந்ததும் அடுப்பை அல்ல, முதலில் சிலிண்டரின் வாயை மூடவேண்டும். காஸ் புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரிப் பள்ளம் தேடிக் கீழே போகும், படகின் அடிவயிற்றில் போய்க் குளமாகத் தேங்கும், ஒரு பொறி போதும், படகும் இல்லை நீங்களும் இல்லை. அதனால்தான் மூடியை மேலே வைத்து இந்தப் பெட்டி, அதனால்தான் பெட்டியின் அடியில் வெளியே கடலைப் பார்த்தபடி ஒரு துவாரம், கசிந்தாலும் அதுவழியே ஒழுகிப் போய்விடும். அதற்கு மேலும் ஒரு காவல், கீழ் அறையின் தரையோடு ஒட்டியிருந்த ஒரு வெள்ளைப் பெட்டி, காஸ் பட்டால் கத்துமாம். அது போன வைகாசியில் உப்புப் பிடித்துச் செத்துப்போயிற்று. புதிது வாங்கவேண்டும் என்று நிரோசினி சொன்னபோது றொமேஸ் சிரித்தான், மாமான்ரை மூக்கு இருக்கேக்கை மெசின் என்னத்துக்கு என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எத்தனையோ பாவங்களைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லியிருக்கிறார், அந்தச் சிரிப்பை மட்டும் இதுவரை சொல்லவில்லை.

நுரைதான், நுரைதான்… தூரிகையை மறுபடி தோய்த்தார். முன்பெல்லாம் வள்ளத்தில் சமையலுக்கு என்ன இருந்தது, மண் போட்ட ஒரு தகரப்பெட்டி, அதற்குள் மூன்று கல், கண்ணா விறகு கொத்தி எரித்த நெருப்பு. அந்தப் புகையின் மணத்தை இப்போது நினைத்துப் பார்க்கலாமா? கண்ணை மூடினார். புகை தெரிந்தது, கண் எரிந்தது தெரிந்தது, பக்கத்தில் குந்தியிருந்த தகப்பனின் இடுப்புச் சாரம்கூடத் தெரிந்தது, மணம் வரவில்லை, மணத்தின் பெயர்தான் வந்தது. அந்தோனியார் திருநாளில் கோயில் வாசலில் நின்ற சனத்தின் மணம், புதுச் சட்டைத் துணியும் வியர்வையும் மெழுகுதிரியும் கலந்தது. சண்டைக்குப் பயந்து ஓடித்திரிந்த காலத்தில் மழைக்கு நனைந்த தறப்பாளின் மணம், அதைக்கூட இப்போது தந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். வவுனியாவில் முகாமில் இருந்தபோது ஒருநாள் வரிசையில் நின்றுகொண்டு, இந்தப் பருப்பில் யாரோ நம்முடைய ஆள் கை வைத்திருக்கிறது என்றார், சனம் சிரித்தது, போய்ப் பார்த்தால் அன்றைக்குச் சமையலுக்கு யூலிற்றாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளிப் பல்லை நசுக்காமல் முழுதாகப் போடுவது அவள் மட்டும்தான். அப்படி ஒரு மணத்தைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கண்டுபிடித்த மனிதன், இன்றைக்கு அவள் தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாளா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது.

எஞ்சின் சத்தம் கேட்டது. கரையிலிருந்து ஆள் ஏற்றி இறக்கும் வினோதனின் பைபர் படகு நிரோசினியைக் கொண்டுவந்து ஒட்டியது, அவளை ஏற்றிவிட்டு, றொமேஸ் கரையில் ஐஸும் குடிதண்ணீரும் எடுத்துவைத்துக்கொண்டு நிற்கிறான், அவனையும் கொண்டுவருகிறேன் என்று வினோதன் திரும்பிவிட்டான். மரியநேசன் அவசரமாகப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து கை கொடுத்தார். நாலு மாதம் அவளுக்கு, ஏணியில் ஏறும்போதே ஒரு கை வயிற்றில். இன்று இரவு கொக்கிளாய்ப் பக்கம் போய் நங்கூரம் போட்டுப் படகிலேயே தங்குவதாக ஏற்பாடு, பிள்ளை பிறந்த பிறகு இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று அவள்தான் ஆசைப்பட்டாள், அவளும் றொமேஸும் படுப்பது முன் அறையில், படகிலேயே பள்ளமான இடம். அவள் கையில் ஒரு மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் இருந்தன. செவ்வாய்க்கிழமை, அந்தோனியாரின் நாள், கடலில் தங்கப்போகிற படகில் அவருடைய படத்துக்கு முன்னால் ஒரு திரி கொளுத்தாமல் இந்தக் கரையில் யாரும் நங்கூரம் தூக்குவதில்லை. படம் கீழ் அறையில் இருந்தது. அவள் இறங்கிப் போனாள். போகட்டும், நுரைதானே, என்று அவர் கோப்பையில் மிஞ்சிய சவர்க்காரத் தண்ணீரைக் கடலில் ஊற்றினார், ஊற்றும்போது நினைவு வந்தது, சிலிண்டரின் வாயைத் திறந்தபடி விட்டிருக்கிறார், காலையிலிருந்தே திறந்துதான் இருக்கிறது.

கீழேயிருந்து அவளுடைய குரல் வந்தது. "மாமா, என்ன மணம் இது? கூழ்முட்டை உடைச்ச மாதிரி."

பதில் நாக்கில் தயாராக இருந்தது, அதுதான் பயங்கரம், மூன்று வருடப் பழக்கம், மீன் குழம்பு வைச்சனான் பிள்ளை, அதின்ரை மணமாயிருக்கும், வயித்திலை பிள்ளை எண்டால் எல்லாம் மணக்கும்… நம்பிவிடுவாள், அவருடைய மூக்கை யார் நம்பமாட்டார்கள், வயிற்றில் பிள்ளை வந்த நாள்முதல் அவளுக்கு வீட்டுப் பூனையே மணக்கிறதாம், தன் மூக்கில் அவளுக்கே நம்பிக்கை இல்லை. சொல்லிவிட்டால் நாளைக்கும் அவர் மூக்கர்தான். சொல்லாவிட்டால்? சமையலுக்கு ஒரு கிழவன், காஸை மணந்து பார்க்கத் தெரியாத கிழவன், எந்தப் படகில் வைத்திருப்பார்கள்? படிகளின் வழியே அவளுடைய கை தெரிந்தது, பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துவிட்டுப் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குச்சியைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"தட்டாதை பிள்ளை. குச்சியை அப்பிடியே விட்டிட்டு மேலை வா. ஒண்டையும் தொடாதை, லைற்றையும் தொடாதை."

அவள் ஏறி வந்தாள். நல்ல பிள்ளை, கேள்வி கேட்காமல் வந்தாள், அவளைப் படகின் முன்நுனிக்கு, அணியத்துப் பக்கம் போகச் சொன்னார், போனாள். பெட்டியைத் திறந்து சிலிண்டரின் வாயை முறுக்கி மூடினார், குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது, பெட்டியின் அடித் துவாரம்… ஐயோ, அந்தத் துவாரம். போன மாதம் கடல் கொஞ்சம் எழும்பியபோது அதுவழியே தண்ணீர் தெறித்துச் சிலிண்டரில் துரு பிடிக்கிறது என்று தும்பு திரித்துப் பிசின் தோய்த்துக் கலப்பற்றி அடைத்தது அவர்தானே. யார் சொல்லியும் அடைக்கவில்லை. படகில் ஒரு ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் விட அந்தக் கைக்குத் தெரியாது, நாற்பது வருடம் ஓட்டையை அடைத்தே உயிர் தப்பிய கை, எந்தக் கிழவர் எந்தப் பாசையில் ஒரு மணித்தியாலம் சொன்னாலும் அது காதில் ஏறியதே தவிரக் கையில் ஏறவில்லை. வெளியே போக வழியில்லாமல் காஸ் என்ன செய்யும், பெட்டியில் நிறைந்து, ஓஸ் பைப் உள்ளே போகும் வெடிப்பால் வழிந்து, காலையிலிருந்து கீழ் அறைக்குள் இறங்கியிருக்கிறது. கத்தியால் குத்தி அடைப்பைப் பிடுங்கி எறிந்தார். தன் கையால் அடைத்ததைத் தன் கையாலேயே பிடுங்கும்போது வெட்கமாக இருந்தது.

பிறகு கீழே இறங்கி யன்னல்களையும் மேல் மூடியையும் திறந்தார், காற்றோ அசையவில்லை, திறந்தும் என்ன பயன். அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கக் கரண்டில் ஓடும் மெசின் ஒன்று இருந்தது, சுவிச்சைத் தட்டினால் அதுவே பொறியாகிவிடும். தரைப் பலகைகளைக் கிளப்பினார், கீழே வெறும் பள்ளம், காய்ந்துதான் கிடந்தது. தண்ணீர் மாதிரி என்றுதானே சொன்னார்கள், தண்ணீர் என்றால் என்ன செய்வோம்? பிளாஸ்டிக் வாளியை எடுத்தார். பள்ளத்தில் முக்கி, நிறைந்ததாக நினைத்து, ஒரு சொட்டும் சிந்தாதவரைப் போல மெதுவாகத் தூக்கிக்கொண்டு படியேறி, கடல் பக்கம் கவிழ்த்தார். மறுபடி இறங்கி மறுபடி முக்கினார். வெறும் வாளி ஏறியது, வெறும் வாளி இறங்கியது, கரையிலிருந்து யாராவது பார்த்தால் மூக்கருக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். பத்து வாளி, பதினைந்து வாளி, முதுகு விண்ணென்று வலித்தது. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, முடிந்ததா என்று எப்படி அறிவது, எப்போது நிறுத்துவது? வாளியைப் பிடித்தபடி படியில் நின்று அவளைப் பார்த்தார்.

"பிள்ளை, எனக்கு மணம் தெரியிறேல்லை. மூண்டு வருசமாய் இல்லை. நீ கிட்ட வந்து சொன்னால்தான் உண்டு."

நிரோசினி அவருடைய முகத்தைப் பார்த்தாள், வெறும் வாளியைப் பார்த்தாள். பிறகு மேல் மூடிக்குப் பக்கத்தில் வந்து முழங்காலில் இருந்து, எட்டி ஒரு மூச்சு இழுத்து, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருக்கு மாமா, நல்லாய் இருக்கு, இறையுங்கோ என்றாள். இறைத்தார். றொமேசுக்குத் தெரியுமோ என்று கேட்டாள், தெரியாது, வரட்டும், நானே சொல்லுறன் என்றார். தூரத்தில் பைபர் படகு கரையை விட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது, எஞ்சினோடு கிட்ட வரவேண்டாம், தூரவே நிற்கச் சொல்லிக் கை காட்டு பிள்ளை என்றார், அவள் சால்வையைக் கழற்றி வீசிக் காட்டினாள், படகு தூரத்தில் தயங்கி நின்றது, எஞ்சின் அடங்கியது, அதில் றொமேஸ் எழுந்து நிற்பது புள்ளியாகத் தெரிந்தது. அவர் இறைத்துக்கொண்டே இருந்தார்.

கிழக்கேயிருந்து மெல்லிய காற்று ஒன்று எழும்பிவந்து மேல் மூடிக்குள் நுழைந்தது. இப்ப குறைவு என்றாள் நிரோசினி. கொஞ்சம் கழித்து, இப்ப சவர்க்காரம் மணக்குது, நீங்கள் பூசின சவர்க்காரம் போலை, என்றாள். அவர் வாளியை முக்கினார். இப்ப உங்கடை மீன்குழம்பு, புளி கூடிப்போச்சு மாமா என்றாள், சொல்லிவிட்டுத் தன்னையறியாமல் சிரித்தாள். இப்ப பழைய கயிறு, ஈரக் கயிற்றின்ரை மணம்… அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவருக்குள் ஏதோ இளகியது, மணம் வரவில்லை, ஆனால் அது இருக்கும் இடம் தெரிந்தது, இருட்டில் ஒருவர் கையைப் பிடித்து இது கதிரை, இது அலுமாரி என்று தொட்டுக் காட்டுவது மாதிரி. இப்படித் தனக்கு யாரோ ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்களே. வாளி பாதி வழியில் நின்றது. யூலிற்றா. முப்பது வருடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாத மனுசி, இப்போதெல்லாம் விடிய எழும்பிக் கதவைத் திறந்ததும், மல்லிகை பூத்திட்டுது போலை, என்ன மணம் என்பாள். தேத்தண்ணி வைக்கும்போது, இண்டைக்கு இஞ்சி கூடிப்போச்சு, மூக்கிலை ஏறுது என்பாள். அவர் சைக்கிளை எடுக்கும் நேரம் பார்த்து, மண் மணக்குது, பின்னேரம் மழைதான் என்பாள், அவர் அதைக் கரையில் போய்த் தன் மூக்குச் சொன்னதாகச் சொல்லுவார், மழையும் வரும். வயது போகப் போக வாய் கூடிவிட்டது என்று அவளைக் கேலி செய்திருக்கிறார், ஒருநாள் எரிந்தும் விழுந்திருக்கிறார், அவள் உள்ளே போனாள், அடுத்த நாள் விடிய மறுபடி மல்லிகையில் தொடங்கினாள். தெரிந்துதான் சொல்லிக்கொண்டிருந்தாளா, எப்போது தொடங்கினது இந்தப் பேச்சு? காய்ச்சலுக்கு அடுத்த வருடமா, அந்த வருடமேயா… மிளகாய்ச் சட்டிக்கு முன்னால் நின்று, உங்களுக்கு என்று கேட்டாளே, அதற்கு எத்தனை நாளைக்குப் பிறகு?

"என்ன மாமா, நிப்பாட்டிப்போட்டியள்? அடியிலை இன்னும் கொஞ்சம் இருக்கு."

ஓம் பிள்ளை என்று அவர் மறுபடி குனிந்தார்.